வீட்டு இணையத்துக்குப் பூட்டு: புதியவர்களுக்குப் படிப்படியாக

உங்கள் வீட்டு ரூட்டரை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். வைஃபையின் பெயர், வைஃபை பாஸ்வேர்டு, ரூட்டருக்குள் நுழையும் முகவரி, அதற்கொரு பயனர் பெயர், அதற்கொரு பாஸ்வேர்டு என்று எல்லாம் பொடி எழுத்தில் அச்சடித்திருக்கும். ரூட்டரைப் பொருத்த வந்தவர் விளக்கு எரிகிறதா, போனில் வீடியோ ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருப்பார். அன்றைக்குப் பிறகு அந்த ஸ்டிக்கரில் உள்ள எதையும் யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். நான் உதவப் போன வீடுகளில் பெரும்பாலும் இதுதான் நிலைமை.

"நம்மிடம் என்ன இருக்கிறது, நம்மைப் போய் யார் குறிவைக்கப் போகிறார்கள்?" என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். உங்களை யாரும் பெயர் சொல்லித் தேடவில்லை. தெருவில் ஒவ்வொரு கதவாகத் தள்ளிப் பார்த்துக்கொண்டே போகிற ஆளைப் போல, இணையத்தில் உள்ள ஒவ்வொரு முகவரியையும் தட்டிப் பார்க்கும் நிரல்கள் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கின்றன. திறந்த கதவு யார் வீட்டுடையது என்பது அவற்றுக்குப் பொருட்டே இல்லை.

2016-ல் பரவிய மிராய் என்ற தீநிரல் செய்தது இதைத்தான். ஆலையிலிருந்து வரும்போதே வைத்திருக்கும் பயனர் பெயர், பாஸ்வேர்டு ஜோடிகள் 60-க்கும் மேல் அதன் கையில் இருந்தன. இணையத்தில் தென்பட்ட கேமராக்களிலும் ரூட்டர்களிலும் அந்த ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது. திறந்தவற்றையெல்லாம் தன் படையில் சேர்த்துக்கொண்டது. தளத்தின் பெயரை அடித்தால் அதன் முகவரியைக் காட்டிக் கொடுக்கும் வேலையைச் செய்து வந்த டைன் என்ற நிறுவனத்தின் சர்வர்களை அந்தப் படை 2016 அக்டோபர் 21 அன்று மொய்த்தபோது, அதை நம்பியிருந்த ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் உள்ளிட்ட பெரிய தளங்களே பல மணி நேரம் தடுமாறின. தங்கள் வீட்டுக் கேமராவும் அதில் பங்கெடுத்தது என்பது அந்த வீட்டுக்காரர்களில் பலருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

ஆகவே நமக்குத் தேவைப்படுவது கோட்டைச் சுவர் அல்ல, ஒழுங்காகப் பூட்டிய கதவு. கீழே சொல்வதை எல்லாம் ஒரே நாளில் செய்து முடிக்க வேண்டியதில்லை. ரூட்டருக்கு ஒரு விடுமுறைக் காலை, மின்னஞ்சலுக்கும் பாஸ்வேர்டுகளுக்கும் இன்னொரு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

தொடங்கும் முன் ஒரு தாள்

வீட்டில் இணையத்தோடு பேசும் கருவிகளை ஒரு தாளில் எழுதுங்கள். போன், லேப்டாப், டேப்லெட் உடனே நினைவுக்கு வரும். டிவி, பிரிண்டர், கேமரா, விளையாட்டுக் கன்சோல், பேசும் ஸ்பீக்கர், வைஃபையில் எரியும் பல்ப், அலமாரியில் சார்ஜ் இறங்கிக் கிடக்கும் பழைய போன் ஆகியவை மெதுவாகத்தான் வரும். இந்தப் பட்டியலைப் பத்திரமாக வைத்திருங்கள், அடுத்த படியிலேயே தேவைப்படும்.

முதல் படி: ரூட்டர்

வீட்டு வைஃபையில் இணைந்திருக்கும் கணினியில் பிரவுசரைத் திறந்து, ஸ்டிக்கரில் உள்ள முகவரியை அடியுங்கள். பெரும்பாலும் அது 192.168.1.1 அல்லது 192.168.0.1 ஆக இருக்கும். சில நிறுவனங்கள் இதற்கென்றே ஒரு ஆப் தருகின்றன, அதிலும் செய்யலாம்.

இங்கே புதியவர்கள் குழம்பும் இடம் ஒன்று உண்டு. ரூட்டருக்கு இரண்டு பாஸ்வேர்டுகள். ஒன்று வைஃபையில் சேர்வதற்கு, விருந்தாளிகள் கேட்பது இதைத்தான். மற்றது அட்மின் பாஸ்வேர்டு, ரூட்டரின் அமைப்புகளையே மாற்றுவதற்கு. முதலாவது வாசல் சாவி என்றால் இரண்டாவது பூட்டையே கழற்றி மாட்டும் உரிமை. அட்மின் பாஸ்வேர்டை முதலில் மாற்றுங்கள். அதை யாரும் தினமும் அடிக்கப் போவதில்லை என்பதால் நீளமாகவே வைக்கலாம். தாளில் எழுதி வீட்டு ஆவணங்களோடு சேர்த்து வையுங்கள்.

அடுத்து ஃபர்ம்வேர் அப்டேட். ரூட்டரும் ஒரு சின்னக் கணினிதான், அதற்குள் ஓடும் மென்பொருளிலும் ஓட்டைகள் கண்டுபிடிக்கப்படும், நிறுவனம் அடைத்து அனுப்பும். தானாக அப்டேட் ஆகும் வசதி இருந்தால் அதை இயக்கிவிடுங்கள். உங்கள் மாடலுக்கு நிறுவனம் அப்டேட் அனுப்புவதையே நிறுத்திவிட்டது என்று தெரிந்தால், தயங்காமல் ரூட்டரை மாற்றுங்கள். இந்தக் கட்டுரையில் நான் பணம் செலவழிக்கச் சொல்லும் இடங்கள் மிகச் சில, அவற்றில் இது முதலாவது. 2018 மே மாதம் விபிஎன்ஃபில்டர் என்ற தீநிரல் 50-க்கு மேற்பட்ட நாடுகளில் சுமார் 5 லட்சம் ரூட்டர்களிலும் சேமிப்புக் கருவிகளிலும் புகுந்திருந்தது தெரியவந்தது. ரூட்டர்களை ஒருமுறை அணைத்துப் போடுங்கள் என்று அமெரிக்காவின் எஃப்பிஐ பொதுமக்களிடம் கேட்டுக்கொள்ளும் அளவுக்கு நிலைமை போயிற்று.

பிறகு வைஃபை பாதுகாப்பு முறை. பட்டியலில் டபிள்யூபிஏ3 இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். பழைய கருவிகள் இணைய மறுத்தால் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறை போதும். டபிள்யூஇபி என்று இருந்தால் இன்றே மாற்றுங்கள். அதை உடைக்கும் வழி 2001-லேயே வெளியாகிவிட்டது, இன்று சில நிமிட வேலை. வைஃபை பாஸ்வேர்டு குறைந்தது 8 எழுத்து வேண்டும் என்று ரூட்டர் சொல்லும், 63 வரை ஏற்றுக்கொள்ளும். 16-க்குக் குறையாமல் வையுங்கள். மாற்றிய நொடியில் வீட்டில் உள்ள எல்லாக் கருவியும் துண்டிக்கப்படும், ஒவ்வொன்றிலும் புதிதாக அடிக்க வேண்டும். யாராவது தேர்வு எழுதிக்கொண்டோ அலுவலகக் கூட்டத்தில் பேசிக்கொண்டோ இருக்கும் நேரத்தில் இதைச் செய்யாதீர்கள்.

டபிள்யூபிஎஸ் என்றொரு வசதி இருக்கும். பாஸ்வேர்டு அடிக்காமல் ஒரு பொத்தானை அழுத்தியோ 8 இலக்க எண்ணைக் கொடுத்தோ இணைவதற்கானது. அதை அணைத்துவிடுங்கள். காரணம் கணக்கில் இருக்கிறது. 8 இலக்கம் என்றால் 10 கோடி வாய்ப்புகள் என்றுதான் தோன்றும். ஆனால் கடைசி இலக்கம் முதல் ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. போதாததற்கு, முதல் நான்கு இலக்கம் சரியா என்பதை ரூட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000, அடுத்த பாதிக்கு 1,000, ஆக 11,000 முயற்சியில் கதை முடிந்தது. 2011 டிசம்பரில் வெளியான இந்தக் குறை, பழைய ரூட்டர்களில் இன்னும் அப்படியே இருக்கலாம்.

வெளியிலிருந்து ரூட்டரை நிர்வகிக்கும் ரிமோட் மேனேஜ்மென்ட் வசதியையும் அணையுங்கள். யூபிஎன்பி என்பதையும் அணைப்பது நல்லது, வீட்டுக்குள் இருக்கும் கருவிகள் உங்களைக் கேட்காமலே வெளியே வாசல் திறந்துகொள்ள அது இடம் கொடுக்கிறது. அதை அணைத்தபின் கன்சோலில் சில விளையாட்டுகள் முரண்டு பிடிக்கலாம். பிடித்தால் மீண்டும் யோசிக்கலாம்.

வைஃபை பெயரை மறைத்து வைக்கச் சொல்லும் அறிவுரையை நீங்கள் கேட்டிருப்பீர்கள். அதில் நேரம் செலவழிக்க வேண்டாம். மறைத்த பெயரைக் கண்டுபிடிக்க இலவச மென்பொருளே போதும். சிரமம் உங்கள் வீட்டாருக்குத்தான். பெயரில் உங்கள் குடும்பப் பெயரோ வீட்டு எண்ணோ ரூட்டர் மாடலோ தெரியாமல் இருந்தால் போதும்.

வெளியே வரும் முன், இணைந்திருக்கும் கருவிகளின் பட்டியலை ரூட்டரிலேயே பாருங்கள். கையில் உள்ள தாளோடு ஒப்பிடுங்கள். புரியாத பெயர் ஒன்று இருந்தால் பதற்றம் வேண்டாம், பல நேரம் அது டிவியோ பல்போதான். வீட்டுக் கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தால் எது எது என்று பிடிபடும். கடைசிவரை பிடிபடாத ஒன்று இருந்தால், புது பாஸ்வேர்டு அதை வெளியே நிறுத்திவிடும்.

இரண்டாம் படி: விருந்தாளி வைஃபை

ரூட்டர்களில் கெஸ்ட் நெட்வொர்க் என்று ஒரு வசதி இருக்கும். ஒரே இணையம், ஆனால் தனி அறை. அதில் இருப்பவர்களுக்கு இணையம் கிடைக்கும், உங்கள் கணினியும் கோப்புகளும் கண்ணில் படாது. விருந்தாளிகளுக்கு இதைக் கொடுங்கள். அதைவிட முக்கியமாக, டிவி, கேமரா, பல்ப், ஸ்பீக்கர் எல்லாவற்றையும் இதில் குடியேற்றுங்கள். வாங்கி ஓராண்டு கழித்து அப்டேட்டே வராத மலிவுக் கருவிகளும், நீங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கும் லேப்டாப்பும் ஒரே அறையில் இருக்கத் தேவையில்லை. போனிலிருந்து டிவிக்குப் படம் அனுப்புவது போன்ற சில வசதிகள் இதனால் வேலை செய்யாமல் போகலாம். அந்த ஒரு கருவியை மட்டும் பிரதான வைஃபைக்குக் கொண்டுவந்தால் போயிற்று.

கேமரா பற்றி ஒரு வார்த்தை. வாசலைப் பார்க்கும் கேமரா சரி. படுக்கையறையிலும் குழந்தைகள் உடை மாற்றும் இடத்திலும் இணையத்தோடு இணைந்த கேமரா எதற்காகவும் வேண்டாம்.

மூன்றாம் படி: மின்னஞ்சல், பாஸ்வேர்டுகள்

எந்தத் தளத்தில் பாஸ்வேர்டு மறந்தாலும் அதை மாற்றும் இணைப்பு எங்கே வருகிறது? உங்கள் மின்னஞ்சலுக்கு. அதைப் பிடித்தவர் கையில் உங்கள் மற்ற எல்லாக் கணக்கும் வரிசையாக விழும். அதனால் மின்னஞ்சலின் பாஸ்வேர்டு வேறெங்கும் பயன்படாத, அதற்கென்றே பிறந்த ஒன்றாக இருக்க வேண்டும். இன்று ஒன்றே ஒன்றுதான் செய்ய நேரமிருக்கிறது என்றால் இதைச் செய்யுங்கள்.

ஒரே பாஸ்வேர்டைப் பல இடங்களில் வைப்பதுதான் வீடுகளில் நான் காணும் மிகப் பெரிய பலவீனம். 2009-ல் ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகள் மறைகுறியாக்கம் எதுவும் இல்லாமல் அப்படியே வெளியேறின. அவற்றில் அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றும் திருடர்களின் கையேடு. ஒரு தளத்திலிருந்து கசிந்த மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் எடுத்து மற்ற நூறு தளங்களில் போட்டுப் பார்ப்பது மனிதர் செய்யும் வேலையல்ல, நிரல் செய்யும் வேலை. என்றோ ஒரு சமையல் குறிப்புத் தளத்தில் நீங்கள் வைத்த பாஸ்வேர்டு, இன்று உங்கள் மின்னஞ்சலைத் திறக்க அதுவே போதும்.

நல்ல பாஸ்வேர்டு என்பது நீளமான பாஸ்வேர்டு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கைந்து சொற்களைக் கோத்துக்கொள்ளுங்கள். உரல், நண்டு, ஜன்னல், வியாழன், கம்பளி என்று கண்ணை மூடிக்கொண்டு எடுத்த சொற்களை ஆங்கில எழுத்தில் அடிக்கலாம். பாட்டின் முதல் வரி, குறள், பழமொழி, பிள்ளையின் பெயரும் பிறந்த ஆண்டும் ஆகியவை வேண்டாம். உங்களுக்கு நினைவில் நிற்பது போலவே ஊராருக்கும் நினைவில் நிற்பவை அவை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்ற பழைய விதியையும் விட்டுவிடலாம். அமெரிக்காவின் தேசியத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதலிலேயே, கசிந்ததற்கான அறிகுறி இல்லாமல் காலக்கெடு வைத்து மாற்றச் சொல்ல வேண்டாம் என்று கூறிவிட்டது. அடிக்கடி மாற்றச் சொன்னால் மக்கள் கடைசி எண்ணை மட்டும் ஒன்றிலிருந்து இரண்டாக்குகிறார்கள்.

இத்தனை பாஸ்வேர்டுகளை யார் நினைவில் வைத்திருப்பது? யாரும் வேண்டாம். பாஸ்வேர்டு மேனேஜர் என்ற ஆப் வைத்துக்கொள்ளும். பிட்வார்டன், கீபாஸ் போன்றவை இலவசமாகவே கிடைக்கின்றன. போனிலும் பிரவுசரிலும் உள்ளமைந்து வருபவையும் வீட்டுக்குப் போதுமானவையே. ஒரு பெரிய பாஸ்வேர்டு மட்டும் உங்கள் நினைவில் இருக்கும், மற்றவற்றை அது உருவாக்கி, அதுவே நிரப்பும். பெட்டகத்தைத் திறக்கும் அந்த ஒன்றை மறந்தால் பல ஆப்களில் மீட்க வழியே இல்லை, எனவே அதையும் மின்னஞ்சல் பாஸ்வேர்டையும் தாளில் எழுதிப் பூட்டி வையுங்கள்.

ஆப் வராத பெரியவர்களுக்கு ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கிக் கொடுங்கள். "பாஸ்வேர்டை எழுதியே வைக்கக் கூடாது" என்று சொல்லி அவர்களை ஒரே பாஸ்வேர்டுக்குத் தள்ளுவதைவிட இது பல மடங்கு மேல். உலகின் மறுகோடியில் இருந்து தட்டிப் பார்க்கும் நிரலுக்கு உங்கள் பீரோவைத் திறக்கத் தெரியாது.

உங்கள் மின்னஞ்சல் எந்தெந்தக் கசிவில் சிக்கியிருக்கிறது என்று பார்க்க, பாதுகாப்பு வல்லுநர் டிராய் ஹன்ட் 2013-ல் தொடங்கிய ஹாவ் ஐ பீன் போன்ட் (haveibeenpwned.com) தளம் இருக்கிறது. முகவரியை மட்டும் கொடுத்தால் போதும். பட்டியலைப் பார்த்து வயிறு கலங்க வேண்டாம், அந்தப் பாஸ்வேர்டு இன்னும் எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் மாற்றினால் சரி.

நான்காம் படி: இரண்டாவது பூட்டு

பாஸ்வேர்டு தெரிந்தாலும் உள்ளே வர முடியாதபடி இரட்டைச் சரிபார்ப்பை இயக்குங்கள். மின்னஞ்சலில் முதலில், பிறகு வங்கி, பிறகு வாட்ஸ்அப், சமூக ஊடகங்கள். எஸ்எம்எஸ்ஸில் வரும் ஓடிபி, எதுவுமே இல்லாததைவிட மேல். ஆனால் உங்கள் எண்ணை வேறு சிம்முக்கு மாற்றிக்கொண்டு ஓடிபியை வாங்கிவிடும் மோசடி இருக்கிறது. ஆத்தென்டிகேட்டர் ஆப்பில் 30 விநாடிக்கு ஒருமுறை மாறும் 6 இலக்க எண் அதைவிட உறுதி, அது சிம்மைச் சார்ந்ததல்ல.

பாஸ்வேர்டுக்குப் பதிலாகப் பாஸ்கீ வைக்கட்டுமா என்று கேட்கும் தளங்களில் ஒப்புக்கொள்ளுங்கள். கைரேகையாலோ முகத்தாலோ போனைத் திறப்பது போலவே தளத்துக்குள் போகலாம். அதன் பெரிய பலம், உண்மையான தளத்தில் மட்டுமே அது வேலை செய்யும் என்பது. போலித் தளம் உங்கள் கண்ணை ஏமாற்றலாம், பாஸ்கீயை ஏமாற்ற முடியாது.

இவற்றை இயக்கும்போது மீட்புக் குறியீடுகள் என்று சில எண்கள் தருவார்கள். நிறையப் பேர் அந்தத் திரையைத் தள்ளிவிட்டுப் போகிறார்கள். போன் தொலைந்த அன்றுதான் அவற்றின் அருமை தெரியும். தாளில் எழுதுங்கள்.

ஐந்தாம் படி: அப்டேட்

2017 மே 12 அன்று வான்னாக்ரை என்ற பிணைத்தொகைத் தீநிரல் 150 நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகளின் கோப்புகளைப் பூட்டியது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்ப நேர்ந்தது. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14-ஆம் தேதியே வெளியிட்டிருந்தது. ஏறத்தாழ இரண்டு மாத அவகாசம். "பிறகு நினைவூட்டு" என்ற பொத்தானை அழுத்தும் ஒவ்வொரு முறையும் எனக்கு இந்த இரண்டு மாதம் நினைவுக்கு வரும்.

போன், கணினி, டேப்லெட், டிவி எல்லாவற்றிலும் தானியங்கி அப்டேட்டை இயக்குங்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. கூடுதல் பாதுகாப்புத் திட்டத்தில் சேராத கணினிக்கு இனி ஓட்டை அடைபடாது. போனின் அமைப்புகளில் கடைசிப் பாதுகாப்பு அப்டேட் எந்தத் தேதியில் வந்தது என்று பாருங்கள். ஓராண்டுக்கு மேல் எதுவும் வரவில்லையென்றால் அந்தப் போனில் வங்கி வேலை செய்யாதீர்கள். படம் பார்க்க வைத்துக்கொள்ளலாம்.

ஆப்களை அதிகாரப்பூர்வ ஸ்டோரிலிருந்து மட்டும் இறக்குங்கள். வாட்ஸ்அப்பில் யாராவது ஏபிகே கோப்பு, அதாவது ஆண்ட்ராய்டு ஆப்பை நேரடியாக நிறுவும் கோப்பு, அனுப்பினால், அனுப்பியவர் உங்கள் சொந்தத் தம்பியாகவே இருந்தாலும் திறக்க வேண்டாம். தம்பியின் கணக்கு இன்று யார் கையில் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியாது. பயன்படுத்தாத ஆப்களை நீக்குங்கள். டார்ச் ஆப் உங்கள் தொடர்பு எண்களைக் கேட்டால் அதற்கு வேறு ஆப் தேடுங்கள். விண்டோஸில் உள்ளமைந்த டிஃபென்டரே வீட்டுக்குப் போதும், அதன்மேல் இன்னும் இரண்டு ஆன்டிவைரஸ் ஏற்றினால் கணினி நடக்க முடியாமல் நடக்கும்.

ஆறாம் படி: பேக்கப்

பூட்டு உடைந்தாலும் இழக்காமல் இருக்க ஒரே வழி இதுதான். புகைப்படக் கலைஞர்களிடமிருந்து வந்த 3-2-1 என்ற விதி எளிது: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சேமிப்பு, ஒன்று வீட்டுக்கு வெளியே. வீட்டு நடைமுறையில், கணினியில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கிளவுடில் ஒன்று. ஹார்ட் டிஸ்க்கை நகல் எடுத்து முடித்ததும் கழற்றி வையுங்கள். கணினியிலேயே செருகிக் கிடக்கும் டிஸ்க்கையும் பிணைத்தொகைத் தீநிரல் சேர்த்துப் பூட்டிவிடும். ஆண்டுக்கு இரண்டு முறையாவது அதிலிருந்து ஒரு புகைப்படத்தைத் திறந்து பாருங்கள். மீட்டுப் பார்க்காத பேக்கப்பை நம்ப முடியாது.

ஏழாம் படி: வடிகட்டி

இது ஐந்து நிமிட வேலை. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் சேவைக்குப் பெயர் டிஎன்எஸ். ரூட்டரில் அந்த இடத்தில் 1.1.1.3, 1.0.0.3 என்ற எண்களைக் கொடுத்தால், தெரிந்த தீநிரல் தளங்களையும் ஆபாசத் தளங்களையும் கிளவுட்ஃபிளேர் என்ற நிறுவனம் தடுக்கும். தீய தளங்களை மட்டும் தடுத்தால் போதும் என்றால் குவாட்9 என்ற அமைப்பு தரும் 9.9.9.9 இருக்கிறது. இரண்டும் இலவசம். வீட்டு வைஃபையை விட்டு மொபைல் டேட்டாவுக்கு மாறினாலோ இணையப் போக்குவரத்தை வேறு சர்வர் வழியாகத் திருப்பிவிடும் விபிஎன் போட்டாலோ இந்த வடிகட்டி இல்லை என்பதை மறக்க வேண்டாம். இந்தக் குறுக்குவழிகளைக் கண்டுபிடிக்கப் பதின்வயதுப் பிள்ளைக்கு ஒரு மாலை போதும்.

எட்டாம் படி: வீட்டு மனிதர்கள்

இதுவரை சொன்ன எல்லாம் கருவிகளைப் பற்றியது. இப்போது நான் மிகவும் சொல்ல விரும்பிய இடத்துக்கு வந்துவிட்டேன்.

என் அப்பாவுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. பார்சல் நிற்கிறது, முகவரி தவறு, சிறு கட்டணம் கட்டினால் வந்து சேரும் என்று. அவர் உண்மையிலேயே ஒரு பார்சலுக்குக் காத்திருந்தார். இணைப்பைத் தொட்டு, அட்டை எண்ணைக் கொடுத்து, வந்த ஓடிபியையும் கொடுத்துவிட்டார். பணம் போனது அன்று மாலையே அவருக்குத் தெரிந்திருக்கிறது. எங்களிடம் சொன்னது மூன்றாம் நாள். "நீ திட்டுவியேன்னுதான் சொல்லல" என்றார். அதற்கு முன் அவர் போனில் எதையோ தவறாக அழுத்தியபோதெல்லாம் நான் சலித்துக்கொண்டது அவர் மனதில் இருந்திருக்கிறது. முதல் ஒரு மணி நேரத்தில் வங்கிக்குச் சொல்லியிருந்தால் ஏதாவது செய்ய வழி இருந்திருக்கும்.

அதனால் வீட்டில் ஒரு விதியைச் சத்தமாகச் சொல்லி வையுங்கள்: தவறுதலாக எதைத் தொட்டாலும், எதைக் கொடுத்தாலும், உடனே வந்து சொல்பவரை யாரும் திட்டக் கூடாது. சொன்னபடி நடந்தும் காட்டுங்கள். எந்த மென்பொருளும் இதற்கு ஈடாகாது.

பிறகு ஏமாற்றின் சாயலைக் கற்றுக்கொடுங்கள். அவசரம், பயம், இரகசியம் என்ற மூன்றும் சேர்ந்து வந்தால் நிறுத்த வேண்டும். "இன்னும் பத்து நிமிடத்தில் கணக்கு முடங்கும்", "உங்கள் மேல் வழக்கு", "யாரிடமும் சொல்லாதீர்கள்". உண்மையான வங்கியோ காவல் துறையோ மூன்றாவதை ஒருபோதும் சொல்லாது. சந்தேகம் வந்தால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, அட்டையின் பின்புறம் அச்சடித்திருக்கும் எண்ணுக்கு நீங்களே அழையுங்கள். குறுஞ்செய்தியில் தந்த எண்ணுக்கு அழைக்காதீர்கள். உதவி செய்கிறேன் என்று சொல்லித் திரையைப் பகிரும் ஆப்பை நிறுவச் சொல்லும் எவரும் உதவ வந்தவர் அல்லர்.

இணைப்பு முகவரியைப் படிக்கவும் ஒரு வழி உண்டு. இரட்டைச் சாய்கோடு (//) இருந்தால் அதைத் தாண்டி, அடுத்து வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் (/) கண்டுபிடியுங்கள். அங்கிருந்து இடப்பக்கமாகத் திரும்பிப் படியுங்கள். "உங்கள்வங்கி.காம்.சரிபார்ப்பு.நெட்/உள்நுழை" என்று இருந்தால், அந்தத் தளத்தின் சொந்தக்காரர் "சரிபார்ப்பு.நெட்". முன்னால் இருக்கும் வங்கிப் பெயர் வெறும் அலங்காரம். இதைப் பத்து வயதுப் பிள்ளைக்கு ஒருமுறை சொல்லிக் கொடுத்தால் பிறகு தாத்தாவுக்கு அதுவே சொல்லிக் கொடுக்கும்.

குரலை நகலெடுத்துப் பேசும் மோசடியும் வந்துவிட்டது. சில விநாடிக் குரல் பதிவு இருந்தால் மகள் அழுவதுபோல் பேசவைக்க முடியும். குடும்பத்துக்குள் ஒரு இரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள். சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் கூடித் தேர்ந்தெடுங்கள், எங்கும் தட்டச்சு செய்யாதீர்கள். பணம் கேட்டு அவசர அழைப்பு வந்தால் முதலில் அந்தச் சொல்லைக் கேட்க வேண்டும்.

சிறு பிள்ளைகளுக்கு ஆண்ட்ராய்டில் ஃபேமிலி லிங்க், ஐபோனில் ஸ்க்ரீன் டைம் இருக்கின்றன. எந்த ஆப் நிறுவலாம், எவ்வளவு நேரம் பார்க்கலாம் என்று வரையறுக்கலாம். கணினியில் அவர்களுக்கு அட்மின் உரிமை இல்லாத தனிக் கணக்கு உருவாக்குங்கள். ஆனால் ஒளிந்து உளவு பார்க்காதீர்கள். என்ன வைத்திருக்கிறோம், ஏன் வைத்திருக்கிறோம் என்று சொல்லிவிட்டு வையுங்கள். விளையாட்டில் அறிமுகமான ஒருவர் புகைப்படம் கேட்டு மிரட்டும் நாளில், அந்தப் பிள்ளை முதலில் உங்களிடம் ஓடி வர வேண்டும். உளவு பார்க்கப்பட்ட பிள்ளை ஓடி வராது.

ஏதாவது நடந்துவிட்டால்

முதல் வேலை, பணம் சம்பந்தப்பட்டது என்றால் வங்கிக்கு அழைத்து அட்டையையும் கணக்கையும் முடக்கச் சொல்வது. சந்தேகத்துக்குரிய கருவியின் வைஃபையையும் மொபைல் டேட்டாவையும் அணையுங்கள். அந்தக் கருவியில் பாஸ்வேர்டு மாற்றாதீர்கள், வேறொரு சுத்தமான கருவியிலிருந்து மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றி, "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கொடுங்கள். போனில் சிக்னல் திடீரென்று போய்த் திரும்பவில்லையென்றால், சிம் திருடப்பட்டதா என்று வேறு போனிலிருந்து உடனே தொலைபேசி நிறுவனத்தைக் கேளுங்கள். வந்த செய்திகளையும் எண்களையும் அழிக்காமல் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள், புகார் கொடுக்கத் தேவைப்படும். கோப்புகள் பூட்டப்பட்டிருந்தால் பணம் கட்டும் முன் நோ மோர் ரான்சம் தளத்தைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல் துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் 2016-ல் தொடங்கியது அது. சில வகைப் பூட்டுகளுக்கு அங்கே இலவசச் சாவி உண்டு.

பலர் தவறவிடும் ஒன்று: மின்னஞ்சலின் அமைப்புகளில் ஃபார்வர்டிங், ஃபில்டர் என்ற இரண்டையும் திறந்து பாருங்கள். உள்ளே வந்து போனவர், உங்களுக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தின் நகலும் தனக்கு வரும்படி அங்கே ஒரு வரி எழுதிவைத்துப் போயிருக்கலாம். பாஸ்வேர்டை மாற்றினாலும் அந்த வரி அப்படியே நிற்கும். மீட்பு மின்னஞ்சல், மீட்புத் தொலைபேசி எண் இரண்டும் உங்களுடையவைதானா என்றும் பார்த்துவிடுங்கள்.

வங்கியின் அவசர எண், தொலைபேசி நிறுவனத்தின் எண், உங்கள் நாட்டில் இணையக் குற்றப் புகார் வாங்கும் எண் மூன்றையும் இன்றே பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். போன் முடங்கிக் கிடக்கும் நேரத்தில் அவற்றைப் போனில் தேட முடியாது. அதே தாளின் கடைசி வரியில், வீட்டில் யாரை எழுப்ப வேண்டும், நடு இரவானாலும் எழுப்பலாம் என்று உங்கள் பெயரை எழுதுங்கள்.